மலையேற்றத்தில் மிஸ்ஸிங்: காயிலை மாற்றும் முன் எந்தச் சோதனையை நம்புவது?

மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு கடந்து, குன்னூர் மலைப்பாதையில் சில வளைவுகள்தான் ஏறியிருப்போம். வண்டி வெட்ட ஆரம்பித்தது, அதாவது மிஸ்ஸிங்: ஏதோ ஒரு சிலிண்டர் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் விடுவது. கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஒரு குறையும் இல்லாமல் வந்த அதே கார், ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் உதறியது. காலை லேசாக எடுத்தால் சரியானது, மறுபடி மிதித்தால் மறுபடி உதறல். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மின்னிமின்னி எரிந்தது. பர்லியாரில் பழக்கடைகளின் பக்கம் ஓரம்கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, மேலே போகும் எண்ணத்தைக் கைவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் காலை ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்த பையன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "காயில் போயிருச்சுங்க. ஒண்ணு போனா மத்ததும் வரிசையா போகும், நாலையும் மாத்திடலாங்க" என்றான். காயில் என்பது சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம். பிளக்கையும் சேர்த்து அவன் சொன்ன தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது. எங்கள் தெருமுனையில் நாற்பது வருடமாக ஷெட் வைத்திருக்கும் அண்ணனிடம் போய் இதைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்தக் காயில் போச்சுன்னு அவன் சொன்னானா, தம்பி?"

சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்கு வழிகள் பல இருக்கின்றன. மீட்டர் வைத்து அளக்கலாம், வெளியே பொறி விட்டுப் பார்க்கலாம், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போடலாம், காயிலை இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், மின்னோட்டத்தைப் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவரிடம் போகலாம். எதையும் பார்க்காமல் மொத்தமாக மாற்றவும் செய்யலாம். இவற்றில் எது உங்கள் வண்டிக்கும் உங்கள் நேரத்துக்கும் பொருந்தும் என்பதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் அதற்கு முன்னால், காயில் எந்த நேரத்தில் தோற்கிறது என்பது புரிந்தாக வேண்டும். அது புரியாமல் எந்தச் சோதனையையும் எடைபோட முடியாது.

காயில் எப்போது தோற்கும்

பெட்ரோல் இன்ஜினின் இக்னிஷன் காயில் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர். முதன்மைச் சுற்றில் 12 வோல்ட் பேட்டரியின் கரன்ட் சில மில்லி வினாடிகள் ஓடி, இரும்புக் கருவில் காந்தப்புலத்தை ஏற்றும். அந்தக் கரன்டைச் சட்டென்று வெட்டினால் காந்தப்புலம் சரியும். முதன்மைச் சுற்றிலேயே 300, 400 வோல்ட் எழும். இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ நூறு மடங்கு கம்பிச் சுற்று இருப்பதால் அங்கே இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட் வரை எழ முடியும். சுமார் 1910-ல் காடிலாக் கார்களுக்காகச் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த பேட்டரி இக்னிஷனிலும் அடிப்படை இதேதான். அன்று கரன்டை வெட்டியது ஒரு சின்ன உலோகத் தொடுமுனை, இன்று வெட்டுவது டிரான்சிஸ்டர்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காயில் எப்போதும் முப்பதாயிரம் வோல்ட்டைத் தள்ளிக்கொண்டே இருப்பதில்லை. பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அதுவரை ஏறும், பொறி தாண்டியதும் விழுந்துவிடும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, சிலிண்டருக்குள் கலவை குறைவு, அழுத்தமும் குறைவு, அதனால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாண்டிவிடும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சிலிண்டர் நிறையக் காற்று புகுந்து, அழுத்தம் கூடி, அதே இடைவெளியைத் தாண்ட இரண்டு மடங்கு வோல்ட் தேவைப்படலாம். காயிலின் உறையிலோ, பிளக்கின் மேல் செருகி உட்காரும் அதன் ரப்பர் குழலிலோ (பூட்) மெல்லிய விரிசல் இருந்தால், பொறி பிளக்கின் வழியாகப் போகாமல் அந்த விரிசல் வழியே இன்ஜின் உடம்புக்குத் தாவிவிடும்.

தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் ஓஸ் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் திறந்திருக்கும்வரை பைப்பில் இருக்கும் விரிசல் தெரியாது. வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் உடனே விரிசலில் பீச்சும். காயிலின் விரிசலும் அப்படித்தான், சுமை ஏறும்போதுதான் வெளியே வரும்.

இன்னொன்று சூடு. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனியாக உட்காரும் காயில்கள் இன்ஜின் தலைக்குள்ளேயே புதைந்திருக்கின்றன. உள்ளே கம்பி எங்காவது விட்டிருந்தால், ஆறியிருக்கும்போது நுனிகள் தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறி விரிந்ததும் விலகிவிடும். காலையில் நன்றாக ஓடி, அரை மணி நேரத்தில் மிஸ்ஸாகி, நிறுத்தி ஆறவிட்டால் மீண்டும் ஓடுகிறது என்றால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

ஆக, காயிலைச் சூட்டிலும் சுமையிலும் வைத்துப் பார்க்காத எந்தச் சோதனையும் "காயில் நல்லது" என்று சொல்லத் தகுதியற்றது. என் எடைக்கல் இதுதான்.

மல்டிமீட்டரும் வெளியே விடும் பொறியும்

கையில் மீட்டர் வைத்திருப்பவர்கள் முதலில் செய்வது ஓம், அதாவது மின்தடை, அளப்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். வெறும் இரண்டு பின் உள்ள காயிலாக இருந்தால் முதன்மைச் சுற்று பொதுவாக அரை ஓமிலிருந்து இரண்டு ஓம் வரை காட்டும். இரண்டாம் சுற்று சில ஆயிரம் ஓமிலிருந்து பதினைந்தாயிரம் ஓம் வரை இருக்கலாம். வண்டிக்கு வண்டி இது மாறும் என்பதால், சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். மீட்டரின் முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும், அதைக் கழிக்காமல் அரை ஓம் சுற்றை அளந்தால் தப்பான முடிவுக்கு வருவோம்.

இன்றைய கார்கள் பலவற்றில் காயிலுக்கு மூன்று அல்லது நான்கு பின் இருக்கும். கரன்டை வெட்டும் டிரான்சிஸ்டர் காயிலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் அதற்குப் பொருள். அந்தப் பின்களில் மீட்டரை வைத்தால் டிரான்சிஸ்டரைத்தான் அளக்கிறோம், சுற்றை அல்ல. பல காயில்களின் இரண்டாம் சுற்றில், கரன்டை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடும் உண்டு. சாதாரண மீட்டர் அங்கே "தொடர்பே இல்லை" என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு நல்ல காயிலைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் விட, மீட்டர் தன் சோதனைக்கு அனுப்புவது ஒன்றிரண்டு வோல்ட். இருபதாயிரம் வோல்ட்டில் கசியும் விரிசலை அது எப்படிக் காணும்? என் காரின் நான்கு காயில்களும் மீட்டரில் ஒன்றுபோலவே காட்டின. அதில் ஒன்று கெட்டது என்பது பிற்பாடு தெரிந்தது. மீட்டர் சில சமயம் "கெட்டது" என்று உண்மையைச் சொல்லும். "நல்லது" என்று அது சொல்வதை நம்பக் கூடாது.

மீட்டருக்கு உருப்படியான வேலை ஒன்று உண்டு. காயிலின் கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, அங்கே 12 வோல்ட் வருகிறதா, எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது. வோல்ட் வருகிறதா என்பதற்கு மீட்டரை விட டெஸ்ட் லாம்ப் இன்னும் நல்லது. மீட்டர் கரன்டே இழுக்காது, துருப்பிடித்த ஒற்றை இழைக் கம்பியிலும் 12 வோல்ட் என்று காட்டிவிடும். பல்பு எரிய வேண்டுமென்றால் கம்பி உண்மையிலேயே கரன்டைக் கடத்தியாக வேண்டும். எலி கடித்த வயரைப் பிடிக்க இதுவே எளிய வழி. வண்டியை மரத்தடியிலோ தோட்டத்திலோ நிறுத்துபவர்கள் காயிலைக் குறை சொல்லும் முன் வயரிங்கை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, பிளக்கைக் கழற்றிக் காயிலில் மாட்டி, இன்ஜின் மேல் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றி "கரன்ட் வருதா" என்று பார்ப்பது. பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் பழகிய வழி. எனக்கு இதில் மரியாதை உண்டு, ஆனால் இன்றைய காரில் நான் செய்ய மாட்டேன். வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டச் சில ஆயிரம் வோல்ட் போதும். பாதி செத்த காயிலும் அந்தப் பொறியை அழகாக விடும். "பாருங்க, கரன்ட் நல்லா வருது" என்று சொல்லி அந்தக் காயிலையே திரும்பப் போட்டுவிடுவோம்.

அதில் ஆபத்தும் இருக்கிறது. பிளக்கின் உடம்பு சரியாக எர்த் ஆகாவிட்டால், போக வழி தேடும் மின்னழுத்தம் காயிலின் உறையையே துளைத்துவிடும், உள்ளிருக்கும் டிரான்சிஸ்டரையும் எரிக்கலாம். திறந்த பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் இடத்தில் பொறி விடுவது தீயை அழைப்பது. செய்தே ஆக வேண்டுமென்றால், இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பார்க் டெஸ்டர் வாங்கி, நல்ல எர்த் கொடுத்து, பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களின் கனெக்டர்களைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டாம்.

ஓடும் இன்ஜினில் காயில் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பதும் உண்டு. கார்புரேட்டர் காலத்தில் சரி. இப்போது எரியாத பெட்ரோல் நேராகப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பாகம் உருகினால், அதன் விலைக்கு முன்னால் நான்கு காயில் விலை ஒன்றுமே இல்லை. விளக்கு மின்னிமின்னி எரிவதும் இந்த ஆபத்தைச் சொல்லத்தான். நிலையாக எரிந்தால் நிதானமாக ஷெட்டுக்குப் போகலாம், மின்னினால் காலை எடுத்து, சீக்கிரம் நிறுத்த வேண்டும்.

ஸ்கேனர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இந்தியாவில் 2010 ஏப்ரலிலிருந்து கார்களில் ஓபிடி, அதாவது குறையை வண்டியே கண்டு பதிந்து வைக்கும் ஏற்பாடு, கட்டாயமானது. 2013 ஏப்ரலிலிருந்து அதன் இரண்டாம் கட்டம். ஆகவே 2013-க்குப் பின் வந்த கார் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு பின் உள்ள ஒரு சாக்கெட் நிச்சயம் இருக்கும். அதில் செருகி, புளூடூத் வழியாகச் செல்போனில் பார்க்கும் சின்னக் கருவி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. கார் வைத்திருக்கும் எவரும் வாங்கி வைக்கலாம் என்பேன். அதை வாங்குவதை விட, அது சொல்வதைச் சரியாகப் படிப்பதுதான் முக்கியம்.

என் காரில் பி0303 என்ற கோட் (குறையைச் சொல்லும் குறியீடு) வந்தது. மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸாகிறது என்று பொருள். இதைப் பார்த்ததும் "மூணாவது காயில் அவுட்" என்று சொல்லிவிடுகிறவர்கள் ஏராளம். அந்தக் கோட் அப்படிச் சொல்லவே இல்லை. இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குப் பொறி வந்ததா, பெட்ரோல் வந்ததா என்று நேராகத் தெரியாது. கிராங்க் ஷாஃப்டின் பல்சக்கரம் சுற்றும் வேகத்தை ஒரு சென்சார் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் சக்கரம் ஒரு சின்ன உந்துதல் பெற வேண்டும். மூன்றாவதன் முறை வரும்போது அந்த உந்துதல் இல்லையென்றால் பி0303. காரணம் காயிலாக இருக்கலாம், பிளக்காக இருக்கலாம், அடைத்த இன்ஜெக்டராக இருக்கலாம், வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம்.

பி0351 முதல் பி0354 வரையிலான கோட்கள் வேறு வகை. அவை அந்தந்தக் காயிலின் மின்சுற்றில் குறை என்பதைச் சொல்பவை. அவை வந்தால் காயிலையும் அதற்குப் போகும் வயரையும் கனெக்டரையும் முதலில் பார்க்கலாம். பி0300 வந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்கள் மாறிமாறி மிஸ்ஸாகின்றன என்று பொருள். அப்போது காயிலை மறந்துவிட்டு, பெட்ரோல் பம்ப் அழுத்தம், காற்று கசியும் வேக்குவம் குழாய், பழைய பிளக்குகள் என்று பொதுவான காரணங்களைத் தேடுவது புத்திசாலித்தனம். நான்கு காயில்களும் ஒரே நாளில் சாவது அரிது.

ஸ்கேனரில் பலர் திறந்துகூடப் பார்க்காத ஒரு பக்கம் உண்டு, ஃப்ரீஸ் ஃபிரேம். கோட் பதிவான அந்த நொடியில் இன்ஜின் வேகம் என்ன, சுமை எவ்வளவு, கூலன்ட் எத்தனை டிகிரி என்று அது பதிந்து வைத்திருக்கும். சுமை அதிகமும் இன்ஜின் நல்ல சூடுமாக இருந்தால் பொறிப் பக்கம் சந்தேகப்படலாம். ஐடிலிங்கில் மட்டும் மிஸ்ஸாகி, வேகமெடுத்தால் சரியாகிவிடுகிறது என்றால் காற்றுக் கசிவு, கம்ப்ரஷன் என்று தேடுவது நல்லது. என் காரில் அந்தப் பக்கம் பர்லியாருக்குக் கீழே நான் மிதித்த நொடியை அப்படியே காட்டியது.

ஆக ஸ்கேனர் இடத்தைச் சொல்கிறது, எந்த நேரத்தில் என்பதைச் சொல்கிறது. குற்றவாளியைச் சொல்வதில்லை.

காயிலை இடம் மாற்றிப் போடுவது

இங்கேதான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் இதை மிஞ்சிய சோதனை வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. செலவு கிடையாது. இரண்டு காயில்களை இடம் மாற்றி, ஸ்கேனரில் கோட் பதிவை அழித்து, குறை வந்த அதே நிலைமையில் ஓட்ட வேண்டும். கோட் காயிலோடு கூடவே நகர்ந்தால் காயில் கெட்டது. பழைய சிலிண்டரிலேயே நின்றால் காயில் குற்றமற்றது, பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். காயில் தன் உண்மையான வேலையை உண்மையான சூட்டில், உண்மையான சுமையில் செய்துகாட்டுகிறது என்பதால் இந்தச் சோதனையை நம்பலாம்.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். இக்னிஷன் ஆஃப். பிளக் குழிகளைச் சுற்றியுள்ள தூசியையும் மணலையும் காற்றடித்து ஊதிவிடுங்கள், இல்லையென்றால் காயிலை எடுத்ததும் எல்லாம் உள்ளே விழும். கனெக்டரின் பிளாஸ்டிக் கொக்கி வருடக்கணக்கில் வெந்து முறுகிப் போயிருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல் கொக்கியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கழற்ற வேண்டும். காயிலைப் பிடித்திருக்கும் ஒற்றை போல்ட்டுக்குப் பல வண்டிகளில் 10 எம்எம் ஸ்பேனர் போதும். போல்ட்டை எடுத்ததும் காயிலை இருபுறமும் லேசாகத் திருகிவிட்டு நேராக மேலே இழுங்கள். திரும்பப் போடும்போது அந்தச் சின்ன போல்ட்டை முறுக்கோ முறுக்கென்று முறுக்க வேண்டாம், அலுமினிய மரை போய்விடும்.

பெரும்பாலான நான்கு சிலிண்டர் வண்டிகளில் பெல்ட் இருக்கும் பக்கத்துச் சிலிண்டர்தான் ஒன்று. சில கம்பெனிகள் மறுபக்கத்திலிருந்து எண்ணுகின்றன. இதை உறுதிசெய்யாமல் மாற்றினால் சோதனையே பாழ். எடுத்த காயிலில் மார்க்கரால் பழைய எண்ணை எழுதிவிடுவது என் பழக்கம்.

நான் மூன்றாவதையும் ஒன்றாவதையும் மாற்றினேன். ஒரு தடவையில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். காயிலோடு பிளக்கையும் சேர்த்து நகர்த்தினால் கோட் நகர்ந்தாலும் எது காரணம் என்று தெரியாமல் போகும். கோட் பதிவை அழிக்க மறக்கவும் கூடாது. சில வண்டிகளில் கன்வர்ட்டரைக் காப்பாற்ற, மிஸ்ஸாகும் சிலிண்டருக்கு ஈசியூ பெட்ரோலையே நிறுத்திவிடும். அப்படி நிறுத்தியிருக்கும்போது நல்ல காயிலைப் போட்டாலும் அந்தச் சிலிண்டர் எரியாது.

தெருவுக்குள் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. பலர் இந்த இடத்தில்தான் "சரியாயிருச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். ஏற்றத்தில் வந்த குறையை ஏற்றத்தில்தான் தேட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி கல்லாறு தாண்டி மூன்றாவது கியரில் ஏற்றினேன். உதறியது. உடனே காலை எடுத்து ஓரம்கட்டிப் பார்த்தேன். விளக்கு இன்னும் எரியவில்லை, ஆனால் ஸ்கேனரில் பென்டிங் என்ற பக்கத்தில் பி0301 வந்திருந்தது. விளக்கு எரிவதற்கு அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் குறை தெரிய வேண்டிய நிலையும் உண்டு, பென்டிங் கோட் முதல் ஓட்டத்திலேயே வந்துவிடும். அதனால் விளக்கை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

மூன்றில் இருந்த குறை காயிலோடு ஒன்றுக்கு வந்துவிட்டது. அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது.

இது எல்லா வண்டிக்கும் கைகொடுக்காது. பிளக் வயர்களோடு ஒரே கட்டியாக வரும் காயில் பேக் உள்ள வண்டிகளில் ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும். 1-3-4-2 வரிசையில் எரியும் இன்ஜினில் ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. ஜோடியாக மிஸ்ஸானால் காயில் மேல் சந்தேகம் போகலாம். ஒன்று மட்டும் மிஸ்ஸானால் முதலில் பிளக் வயரையும் பிளக்கையும் மாற்றிப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய அம்பாசடர், பத்மினி போன்றவற்றில் ஒரே காயில், அது தளர்ந்தால் எல்லாச் சிலிண்டரும் சேர்ந்தே தளரும். பைக்கில் பெரும்பாலும் ஒரே சிலிண்டர், ஒரே காயில். அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் நல்ல காயிலைக் கடன் வாங்கிப் போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் அங்கே இதற்கு நிகரான சோதனை.

சிஎன்ஜி போட்ட கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலை விடக் கூடுதல் வோல்ட் தேவைப்படும். பெட்ரோலில் ஓடும்போது சுத்தமாக இருந்து, கேஸுக்கு மாற்றியதும் மிஸ்ஸாகிறது என்றால், கேஸ் கிட்டைப் பிரிக்கும் முன் பிளக்கையும் காயிலையும் பாருங்கள்.

ஆசிலோஸ்கோப்பா, மொத்தமாக மாற்றுவதா

ஸ்கோப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது வைத்திருப்பவர் உங்கள் ஊரில் இருந்தால் அவருக்கே எல்லாம் தெரியும். காயிலுக்குள் கரன்ட் ஏறும் வடிவத்தை அது படமாகக் காட்டும். சரிவாக ஏற வேண்டியது செங்குத்தாக எழும்பினால் சுற்றுக்குள் ஷார்ட். பொறி எத்தனை மில்லி வினாடி நின்றது என்பதும் தெரியும். கோட் ஒன்றும் வராமல், எப்போதாவது மட்டும் உதறி, காயிலை மாற்றிப் போட்டும் பிடிபடாத வண்டிக்கு அதுதான் கடைசித் துணை. சாதாரணமாகக் கோட் வந்த வண்டிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

மொத்தமாக மாற்றுவதை நான் முற்றாக ஒதுக்கவில்லை. வி6 இன்ஜின்களில் பின்வரிசைக் காயிலைத் தொட இன்டேக் மானிஃபோல்டையே கழற்ற வேண்டியிருக்கும். அப்படிக் கழற்றும் கூலி காயிலின் விலையை நெருங்கினால், ஒன்று கெட்டதும் அந்த வரிசையையே மாற்றுவது நியாயம். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய டாக்ஸி, ஒரு நாள் நின்றாலே வருமானம் போகும் என்றால் அதுவும் நியாயம். ஆனால் நான்கு காயிலும் மேலே தெரிய உட்கார்ந்திருக்கும், பத்து நிமிடத்தில் ஒன்றைக் கழற்றக்கூடிய சாதாரண காரில் "ஒண்ணு போனா எல்லாம் போகும்" என்பது என்னைப் பொறுத்தவரை காரணமே இல்லை. குறை இன்ஜெக்டரில் இருந்திருந்தால் பத்தாயிரமும் செலவாகி உதறலும் அப்படியே இருந்திருக்கும்.

இன்னொரு கவலையும் உண்டு. நாலையும் மாற்றும்போது விலை கூடுகிறதே என்று மலிவான காயிலுக்கு இறங்கிவிடுகிறோம். நல்ல மூன்று ஒரிஜினலை எடுத்துவிட்டு எங்கு செய்தது என்றே தெரியாத நான்கைப் போடுவது பின்னோக்கிப் போவது. அந்தப் பணத்துக்கு ஒரே ஒரு ஒரிஜினலை நம்பகமான கடையில் வாங்கலாம், நான் அதைத்தான் செய்தேன்.

கூடவே பிளக்குகள் நான்கையும் மாற்றினேன். பிளக்கை மட்டும் ஒன்றோடு நிறுத்தக் கூடாது. ஏன் என்று அந்தக் கெட்ட காயிலைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் முழுதாகப் புரிந்தது. ரப்பர் பூட்டின் உள்பக்கம் மேலிருந்து கீழாகச் சாம்பல் நிறத்தில் மயிரிழை போல ஒரு கோடு. பொறி அந்த வழியாகத் தாவித்தாவி எரித்த கரித்தடம் அது. அதற்கு நேராகப் பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே கோடு. இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்தால், 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 1.4 ஆகியிருந்தது. தேய்ந்து தேய்ந்து இடைவெளி அகன்று, அதைத் தாண்ட ஒவ்வொரு முறையும் காயில் கூடுதலாக ஏறவேண்டியிருந்து, கடைசியில் உறை தாங்கவில்லை. கரித்தடம் விழுந்த பழைய பிளக்கின் மேல் புதுக் காயிலை உட்கார வைத்தால், புது பூட்டிலும் அதே இடத்தில் அதே கோடு விழும். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட்டையும் அப்போதே மாற்றிவிட வேண்டும்; ஆயிலில் ஊறிய ரப்பர் வெகுநாள் நிற்காது. வாட்டர் சர்வீஸில் பானெட்டுக்குள் வேகமாகப் பீச்சும் தண்ணீரும் இதே குழிகளில்தான் வந்து நிற்கும், நான் இப்போது அப்படிப் பீச்ச அனுமதிப்பதில்லை.

புதுக் காயில், புதுப் பிளக்குகளோடு அடுத்த வாரம் கல்லாறு, பர்லியார் கடந்து குன்னூர் வரை மூன்றாவது, இரண்டாவது கியரில் விடாமல் ஏற்றினேன். ஒரு உதறலும் இல்லை. பென்டிங் பக்கமும் காலியாக இருந்தது. மற்ற மூன்று காயில்களும் பழையவையேதான், இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று வழியில் மக்கர் செய்தால் என்ன செய்வது என்று வீட்டில் கேட்டார்கள். அப்புறம் இன்னொரு ஒரிஜினல் காயிலும் வாங்கி, உறையைப் பிரிக்காமல் 10 எம்எம் ஸ்பேனரோடும் ஸ்கேனரோடும் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.